கருவாட்டுக் களத்துக் காக்கா: அண்டங்காக்காயும் ரேவனும் ஒண்ணா? வலை போட்டும் எப்படி எடுக்குது?

முயல்தீவு:

வணக்கம். தங்கச்சிமடம் பக்கம் நெத்திலியும் காரலும் காயப்போடுற களம். ரெண்டு வகைக் காக்கா வருது. ஒண்ணு கழுத்துச் சாம்பல், கூட்டமா வந்து கத்தித் தீர்க்கும். இன்னொண்ணு முழுக் கறுப்பு, கொஞ்சம் பெருசு. ஜோடியா வந்து சத்தமில்லாமத் தூக்கிட்டுப் போயிரும். தனுஷ்கோடி பார்க்க வந்த ஒருத்தர் அந்தக் கறுப்பைக் காட்டி "இது ரேவன் (raven)"ன்னு இங்கிலீஷ் பேரை அடிச்சுச் சொல்றார். அகராதியைப் பார்த்தா ரேவனுக்கு அண்டங்காக்கைன்னுதான் போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணுதானா?

கூடவே மூணு சந்தேகம்:
முதல் நாள் காயுற மீனைத்தான் அடிக்குது, நல்லாக் காஞ்சதை அவ்வளவா தொடுறதில்ல. ஏன்?
மூடாத குடிதண்ணி டிரம்முல மீன்தலையும் காஞ்ச ரொட்டித் துண்டும் கிடக்கு. காக்கா வேலைதானா?
மீனுக்கு மேல வலை விரிச்சும் எடுத்துட்டுப் போகுது. எங்க தப்பு?

*

ஆலா:

பெயரை முதலில் தீர்த்துக்கொள்வோம். ராமநாதபுரம் கரையில் ரேவன் கிடையாது. தமிழ்நாட்டிலேயே கிடையாது. ராஜஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்திலும் இமயமலை உயரங்களிலும்தான் இந்தியாவில் அதைப் பார்க்க முடியும். அலகு நுனியிலிருந்து வால்வரை 60 செ.மீ.க்கு மேல் இருக்கும், எடை ஒரு கிலோவைத் தாண்டும். பறக்கும்போது வால் ஆப்பு மாதிரி நடுவில் நீண்டு தெரியும், தொண்டையில் இறகு தாடிபோலத் தொங்கும். உங்கள் களத்துக்கு வரும் முழுக் கறுப்பு அதில் பாதி எடைகூட இருக்காது. அதுதான் அண்டங்காக்கை, காட்டுக்காகம் என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் கார்வஸ் குல்மினேட்டஸ். 1832இல் சைக்ஸ் வைத்த பெயர். பழைய கையேடுகளில் இதைக் கார்வஸ் மேக்ரோரிங்கஸ் என்ற இனத்தின் உட்பிரிவாகப் போட்டிருப்பார்கள், இரண்டு பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம். சாம்பல் கழுத்து ஊர்க்காக்கை கார்வஸ் ஸ்பிளெண்டன்ஸ்.

குழப்பத்துக்குக் காரணம் அகராதிதான். ரேவனுக்குத் தமிழில் சொந்தப் பேர் இல்லை, காரணம் அது இங்கே இல்லை. மொழிபெயர்த்தவர்கள் கைக்கு எட்டிய பெரிய கறுப்புக் காக்கையின் பேரைத் தூக்கி அதற்கு வைத்துவிட்டார்கள். தமிழ் விவிலியத்தில் நோவா பேழையிலிருந்து வெளியே விடுவது வெறும் 'காகம்', அது எனக்கு நேர்மையாகப் படுகிறது. ரேவனை ரேவன் என்றே எழுதிவிடலாம். அண்டங்காக்கையை அதற்குக் கொடுத்துவிட்டால் நம் களத்தில் நிற்கும் பறவைக்குப் பேரில்லாமல் போய்விடும்.

அடையாளம் பார்க்கக் கழுத்து நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஊர்க்காக்கையின் கழுத்துச் சாம்பல் வட இந்தியாவில் வெளுத்திருக்கும், இலங்கையில் கருமை ஏறிக் கிடக்கும். விடியற்கால வெளிச்சத்தில் கருமையான கழுத்து முழுக் கறுப்பாகவே தெரியும். அலகைப் பாருங்கள். அண்டங்காக்கையின் மேல் அலகு தடித்து, நுனி நோக்கி வளைந்து இறங்கும், நெற்றி அதற்கு மேல் செங்குத்தாக எழும்பும். ஊர்க்காக்கையின் அலகு ஒல்லி. குரலில் சந்தேகமே வராது: ஊர்க்காக்கை மூக்கால் 'கா கா' என்று வறட்டுக் குரலில் கத்தும், அண்டங்காக்கை அடித்தொண்டையிலிருந்து 'க்ரா' என்று கரகரக்கும்.

ஒரு கூடுதல் தகவல். கரையில் 'கடல் காக்கா' என்று சொன்னால் அது காக்கையே இல்லை. மழைக்காலத்துக்குப் பின் தனுஷ்கோடி மணலில் கூட்டமாக உட்காரும் வெள்ளைப் பறவை அது. இந்தப் பேர் வைக்கிற முறை ரொம்பப் பழசு. ஐங்குறுநூற்றில் நெய்தல் பகுதியில் 'சிறுவெண்காக்கைப் பத்து' என்றே ஒரு பத்து இருக்கிறது. கண்மாயில் முங்கி மீன் பிடிப்பது நீர்க்காகம், அதுவும் காக்கைக் குடும்பம் இல்லை. அதன் ஆங்கிலப் பேரான கார்மரன்ட்டும் லத்தீனில் 'கடல் காகம்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். கறுப்போ வெள்ளையோ, கரையில் கத்திக்கொண்டு மீன் தேடினால் காக்கை என்பது நமக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை போல.

*

கண்மாய்க்கரை:

ஆலா பேரை முடிச்சுட்டார். நான் தீனிக்கு வர்றேன்.

ரெண்டும் எதையும் தின்னும். மீன், நண்டு, செத்த எலி, அடுத்த பறவையோட முட்டை, குஞ்சு, வேப்பம்பழம், சோறு, பூச்சி, பல்லி. வித்தியாசம் எங்கன்னா, ஊர்க்காக்கா மனுசனை ஒட்டியே பிழைக்கும். வீடு, சந்தை, இறங்குதளம் இல்லாத இடத்துல அதைப் பார்க்கிறது கஷ்டம். கப்பல் ஏறி ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் போன இனம் அது. சான்சிபார்த் தீவுல 1890கள்ல விட்டது, இன்னைக்குக் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்கள்ல பெரிய தலைவலி. அண்டங்காக்கா மரக்கூட்டம், பனங்காடு, ஊரோட ஓரம்னு இருக்கும். செத்த உடம்பைக் கிழிக்க அந்தத் தடிச்ச அலகு. கரையில ஒதுங்குன ஆமையில முதல்ல கண்ணையும் மெதுவான இடத்தையும் தொடுறது அதுதான். ஆமைக்குஞ்சு பகல்ல பொரிஞ்சு வெளிய வந்தா ரெண்டுமே விடாது.

முதல் நாள் மீன் ஏன்? ரெண்டு காரணம். முதல் நாள் மதியம் வரைக்கும் மீன் வளையும், அலகால கிழிபடும். ரெண்டாம் நாள் காரல் ஓடு மாதிரி ஆயிரும், முள்ளு குத்தும். இன்னொண்ணு உப்பு, காயக் காய அது செறிஞ்சு ஏறும். கடல் பறவைக்குக் கண்ணுக்கு மேல உப்புச் சுரப்பி இருக்கு, மிஞ்சின உப்பை மூக்கு வழியா சொட்டவிடும். காக்காய்க்கு அப்படி வேலை செய்யிற சுரப்பி கிடையாது. சிறுநீரகம் மூலமாத்தான் வெளியேத்தணும், அதுக்கு நல்ல தண்ணி வேணும். உப்புப் போட்ட கருவாட்டைத் தின்னா உடனே தண்ணி தேடும்.

உங்க டிரம்முக்குப் பதில் இதுலயே இருக்கு. காக்கா வேலைதான். காஞ்ச பொருளைத் தண்ணியில போட்டு ஊறவச்சுத் தின்னுற பழக்கம் அதுக்கு உண்டு. கவனிச்சுப் பாருங்க: டிரம் விளிம்புல உட்கார்ந்து ரொட்டியைக் கால்ல அமுக்காது, அலகுல பிடிச்சபடியே முங்கவைக்கும், எடுத்து உதறும், மறுபடி முங்கவைக்கும். நழுவினா அவ்வளவுதான், டிரம்முல நீர்மட்டம் கீழ இருந்தா எட்டாது, அப்படியே விட்டுட்டுப் போயிரும். அரை டிரம் தண்ணியிலதான் குப்பை அதிகம் கிடக்கும், நிறைஞ்ச டிரம்முல கம்மி.

செய்ய வேண்டியது: டிரம்முக்கு மூடி, மூடி மேல காத்துக்குப் பறக்காம ஒரு கல். களத்துலேர்ந்து தள்ளி, நிழல்ல, ரெண்டு விரல் ஆழத்துக்கு மண்சட்டியில நல்ல தண்ணி. தினம் கொட்டிட்டு மாத்தணும், இல்லேன்னா கொசு. சட்டி வச்ச பிறகும் மூடாத டிரம் இருந்தா அதுக்குத்தான் போகும், ரெண்டையும் சேர்த்துச் செய்யுங்க. ஏற்கனவே மீன்தலை விழுந்த தண்ணியைக் குடிக்க வேணாம். கொட்டிட்டு டிரம்மை பிளீச்சிங் பவுடர் கரைசல்ல தேய்ச்சுக் கழுவி, வெயில்ல கவுத்திப் போட்டு எடுங்க.

இன்னொரு பழக்கம், வயிறு நிறைஞ்சா ஒளிச்சுவைக்கும். கூரைக் கீத்து இடுக்கு, ஓட்டுக்கு அடி, தென்னங்குருத்து. அங்க மீன் அழுகி நாத்தம் வந்தா எலி செத்துக்கிடக்குன்னு நினைச்சுத் தேடுவீங்க. முதல்ல கீத்து ஓரத்தைக் கையைவிட்டுப் பாருங்க.

*

கரைவலை:

வலையில தப்பு ரெண்டுதான், எல்லாக் களத்துலயும் இதேதான். ஒண்ணு, வலை மீனைத் தொட்டுக்கிட்டுக் கிடக்கும். ரெண்டு, கண்ணி, அதாவது வலையோட ஓட்டை, பெருசு.

மீன் மேல வலை படிஞ்சு கிடந்தா காக்காய்க்கு அது வலையே இல்ல, சல்லடை. மேல உட்காரும், கண்ணி வழியா அலகைவிட்டு மீனை வாலோட உருவும். நெத்திலி சைசுக்கு அது சும்மா வரும். கண்ணி ரெண்டு அங்குலம் இருந்தா தலையே உள்ள போயிரும்.

நான் சொல்ற அளவு: இடுப்பளவு உயரத்துக்குக் கம்புல மேடை, சுமார் மூணடி. மேல தட்டியோ, இறுக்கிக் கட்டின வலையோ விரிச்சு அதுல மீன். தரையில விரிக்காதீங்க. மணலும் ஒட்டும், ஆடும் நாயும் மிதிக்கும், அடியில காத்தும் போகாது. மேடையோட நாலு மூலைக் கம்பையும் மீனுக்கு மேல ஒண்ணரை அடி நிக்கவிட்டு, அஞ்சாறு அடிக்கு ஒரு குறுக்குக் கயிறு. அது மேல காக்கா வலை. கண்ணி ஒரு அங்குலத்துக்குக் கீழ. கயிறு தொய்ஞ்சா நடுவுல காக்கா உட்கார்ந்தே அமுக்கிரும், அதனால மீனுக்கும் வலைக்கும் கடைசிவரை ஒரு அடி இடைவெளி நிக்கணும். நாலு பக்கமும் வலை மேடைக்குக் கீழ தொங்கி, அடியில கயிறு கோர்த்துக் கல் கட்டியிருக்கணும். அண்டங்காக்கா மேலே வராது, ஓரத்துல நடந்து வந்து தூக்கிப் பார்க்கும். நீங்க சொன்ன "சத்தமில்லாம" இதுதான்.

பழைய தங்கூசி (நைலான் நரம்பு) வலையைப் போட வேணாம். காசு மிச்சம்னு தோணும். நரம்பு கண்ணுக்குத் தெரியாது, காக்கா கால் சிக்கும். ஒரு காக்கா சிக்கிக் கத்துனா அந்த வட்டாரமே கூடிரும், அன்னைக்குக் களத்துல வேலை ஓடாது. முறுக்குன நூல் வலை, கறுப்போ பச்சையோ, இறுக்கமா.

பகல்ல தார்ப்பாய் மூடி காக்காயைத் தடுக்கிறவங்களும் இருக்காங்க. ஈரம் உள்ள நின்னு மீன் வேர்த்து, பூஞ்சை பிடிச்சு, சிவப்படிச்சு விலை போகாது. தார்ப்பாய் ராத்திரிப் பனிக்கு மட்டும், அதுவும் மீன்ல படாம.

பளபளன்னு ரிப்பன், சிடி, பிளாஸ்டிக் பருந்து எல்லாம் நாலஞ்சு நாள். அப்புறம் பருந்து தலையிலயே உட்காரும். செத்த காக்காயைத் தொங்கவிடுறதும் அப்படித்தான், முதல் நாள் ஊரே கூடிக் கத்தும், பிறகு பழகிரும்.

கழிவுதான் மூல காரணம். குடலும் தலையும் களத்து ஓரத்துல கொட்டுற வரைக்கும் எந்த வலையும் பாதி வேலைதான் செய்யும். மூடி போட்ட டிரம், இல்லேன்னா ரெண்டடிக் குழி வெட்டி உடனே மண் தள்ளுங்க. படகு வந்து இறங்குற விடிகாலை நேரத்துலதான் கூட்டம் அதிகம். வலையை முதல்ல கட்டிட்டு மீனை விரிக்கணும், விரிச்ச பிறகு வலை தேடக்கூடாது.

*

முயல்தீவு:

ரொம்ப நன்றி அண்ணே. வலை எங்களுது மீன் மேலதான் கிடக்கு. பக்கத்துக் களத்துல சிலர் விஷம் வைக்கலாம்னு பேசுறாங்க. கவண்ல அடிக்கிறதும் உண்டு. அடிச்ச ஆளை மட்டும் தெரிஞ்சுவச்சுக் கொத்துதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

*

ஆலா:

விஷம் வேண்டவே வேண்டாம். செத்த காக்கையை நாயும் செம்பருந்தும் தின்னும், மிச்சம் தரையில் காயும் கருவாட்டில் சிந்தும். சட்டமும் மாறிவிட்டது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் காக்கையைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். 'காக்காதானே' என்று அடிப்பவர்கள் பழைய சட்டத்தைப் பேசுகிறார்கள்.

முகம் நினைவு வைப்பது பற்றிய பேர்போன சோதனை நம் காக்கையில் நடந்ததில்லை, அமெரிக்கக் காக்கையில் நடந்தது. சியாட்டிலில் 2006இல் ஒரு முகமூடி அணிந்து காக்கைகளைப் பிடித்து, அடையாளத்துக்குக் காலில் வளையம் மாட்டி விட்டார்கள். அதே முகமூடியோடு யார் நடந்தாலும் பல வருடம் கழித்தும் திட்டித் துரத்தின. பிடிபடாத காக்கைகளும் மற்றதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

களத்தில் தலையில் கொத்து வாங்குவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம்: பக்கத்து மரத்தில் கூடு. பங்குனி, சித்திரையில் தொடங்கிக் கோடை முழுக்கப் பாருங்கள். 16, 17 நாள் அடை, பிறகு மூன்று நான்கு வாரம் குஞ்சு. பறக்கத் தெரியாத குஞ்சு கீழே உட்கார்ந்திருக்கும், வாய்க்குள் சிவப்பாக இருக்கும். அதன் பக்கம் போனால் தாய் தந்தை இரண்டும் பின்னாலிருந்து இறங்கும். பாதையை ஒரு மாதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தலைக்கு மேல் குடையோ கூடையோ. அந்தக் குஞ்சு குயிலாகவும் இருக்கலாம், காக்கைக்கு அது தெரியாது, கொத்து ஒன்றுதான்.

*

கண்மாய்க்கரை:

ஒரு சேர்க்கை. கொத்துகொத்தா காக்கா செத்துக் கிடந்தா விஷம்னு மட்டும் முடிவு கட்டாதீங்க. 2021 ஜனவரியில ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்துல செத்தது பறவைக் காய்ச்சல்ல. வெறுங்கையால தொடாம, கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிட்டு, கோழி, நாயை அந்தப் பக்கம் விடாமக் கட்டிப்போடுங்க.

அமாவாசைக்கு அமாவாசை "பிண்டம் வச்சும் காக்கா வரலை, முன்னோருக்குக் கோபமா"ன்னு இங்க ஒரு கேள்வி வரும், அதையும் இதுலயே சொல்லிடுறேன். ஆடி, தை அமாவாசையில அக்னி தீர்த்தக் கரையில விடிகாலையிலேர்ந்து எள்ளுஞ்சோறுதான். பத்து மணிக்கு மேல வைக்கிற இலைக்கு வர்ற காக்கா ஏற்கனவே நிறைஞ்ச வயிறு, எடுத்தா ஒளிச்சுவைக்கத்தான் எடுக்கும். விடிஞ்ச உடனே வைங்க, கூட்டத்துலேர்ந்து தள்ளி, உருண்டையைச் சின்னதா உருட்டி. அப்பளம், வடைன்னு உப்பு ஏறினதை இலையில குவிக்காம, பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணி வச்சீங்கன்னா அதுக்குத்தான் முதல்ல இறங்கும்.

*

முயல்தீவு:

தண்ணிச் சட்டி இன்னைக்கே வச்சாச்சு. வலை, நாளைக்குப் படகு வர்றதுக்கு முன்னாடி. குறுக்குக் கயிறுக்கு எத்தனை எம்எம் போதும்?

*

கரைவலை:

ஆறு எம்எம் போதும். முடிச்சை ஒரு நுனியில மட்டும் இறுக்கிட்டு, மறு நுனியைச் சுருக்குல விடுங்க தம்பி. தினமும் தொய்வு எடுக்கணும், வெயில்ல கயிறு நீளும்.