மண் பாதையில் ஓடும் சைக்கிளுக்கு மட்டும் செயின் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

கேள்வி:
என்னிடம் இரண்டு சைக்கிள். இரண்டிலும் ஒரே மாதிரி 10 கியர் செயின். ஒன்றைத் தார் ரோட்டில், மழை இல்லாத நாளில் மட்டும் எடுப்பேன். இன்னொன்று மண், சேறு, மழை எல்லாம் பார்க்கும் வண்டி. தார் ரோட்டு வண்டிதான் அதிக தூரம் ஓடியிருக்கிறது, ஆனால் செயின் தேய்ந்தது மற்றதில். அதற்குப் புதுச் செயின் மாட்டினேன். இப்போது பின்னால் சின்னப் பல்சக்கரத்தில் போட்டு அழுத்தி மிதித்தால் ‘டக் டக்’ என்று வழுக்குகிறது. செயினில் கோளாறா, கேசட்டையும் (பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு) மாற்ற வேண்டுமா?

பதில் 1:
செயினில் கோளாறு இருக்காது, கேசட்தான் தேய்ந்திருக்கிறது. செயினின் கண்ணிகளைக் கோக்கும் சின்ன ஆணிதான் பின். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி 12.7 மி.மீ. பின் தேயத் தேய இந்த இடைவெளி கூடும். கூடின இடைவெளியோடு ஓடும் செயின், பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். இரண்டும் சேர்ந்தே தேய்வதால் வெளியே தெரியாது. சரியான அளவில் புதுச் செயின் வந்ததும் அந்தப் பல்லில் உட்காராமல் ஏறிக் குதிக்கிறது. சின்னப் பல்சக்கரத்தில் செயினைப் பிடித்திருப்பதே சில பற்கள்தான், அதனால் வழுக்கல் முதலில் அங்கேதான் தெரியும்.

தூரத்தை வைத்துச் செயினின் ஆயுளைக் கணக்குப் போடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பின்னுக்கும், அதைச் சுற்றி உருளும் ரோலருக்கும் நடுவே என்ன போகிறது என்பதுதான் கணக்கு. மழையில் சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீரில் நுண்மணல் இருக்கும். தண்ணீர் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகும், மணலை உள்ளே விட்டுவிடும். மிச்சமிருக்கும் எண்ணெயோடு அது குழைந்து, உப்புத்தாள் போட்ட மாதிரி பின்னை அராவும். அடுத்த மழை ஓட்டத்துக்குப் பிறகு பின்னால் கியர் மாற்றும் டீரெய்லரின் கீழ்ச் சக்கரத்தைப் பாருங்கள், பல் இடுக்கில் கறுப்பாக அப்பியிருக்கும். கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்று இருக்கும். அதேதான் செயினுக்குள்ளும் இருக்கிறது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. மேட்டில் கனமான கியரைப் போட்டு மெதுவாக மிதித்தாலும் தேய்மானம் கூடும், ஒவ்வொரு மிதிக்கும் செயினில் விழும் இழுவை அதிகம். முன்னால் பெரிசு, பின்னாலும் பெரிசு என்று செயினைக் கோணலாக ஓட்டுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. மண் பாதைக்கு எண்ணெய் நிறைய விட்டால் காப்பாற்றுமா? செயினை எப்போது மாற்றுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 1:
நிறைய விடாதீர்கள், அது புழுதியைத்தான் இழுக்கும். எண்ணெய் வேலை செய்ய வேண்டிய இடம் ரோலருக்கு உள்ளே, வெளித்தகட்டில் அதற்கு வேலை இல்லை. முதலில் செயினைத் துடைத்து, நனைந்திருந்தால் உலரவிட்டு, ரோலருக்கு ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, ஊறவிட்டு, அப்புறம் வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்து எடுங்கள். காய்ந்த புழுதிக்கு மெழுகு வகை நல்லது, அழுக்கு ஒட்டாது. ஆனால் மழையில் சீக்கிரம் போய்விடும். ஈரத்துக்குக் கெட்டியான எண்ணெய்தான். அழுத்தமான தண்ணீர்க் குழாயை மட்டும் பேரிங் பக்கம் காட்டாதீர்கள்.

அளப்பதற்கு 12 அங்குல ஸ்கேல் போதும். செயினை இழுப்பாக வைத்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டில் சரியாக ஒரு பின்னின் நடு வரும். அது கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் 0.5 சதவீதத் தேய்மானம். 11, 12 கியர் செயினை அங்கேயே மாற்றிவிடலாம். உங்கள் 10 கியருக்கு 0.75 வரை போகலாம் என்பார்கள். மண் பாதை வண்டி என்பதால் நான் அதுவரை விடமாட்டேன், செயினைவிட கேசட் விலை அதிகம். இப்போது கேசட்டை மாற்றும்போது முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரமான செயின்ரிங்கையும் பாருங்கள். பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி மாதிரி கூராகியிருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும்.