பொங்கல் வாழ்த்து அட்டை செய்து பிள்ளைகளுக்கு நன்றியுணர்வைப் பழக்கலாமா?

கேள்வி (கோவைத் தாய்)

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு ஒன்பது வயதில் மகளும் ஆறு வயதில் மகனும் இருக்கிறார்கள். யார் எதைக் கொடுத்தாலும் ‘தேங்க்யூ’ என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள். தமக்காக ஒருவர் சிரமப்பட்டிருக்கிறார் என்ற எண்ணம் அதில் இருப்பதாகத் தெரியவில்லை. வருகிற பொங்கலுக்குக் குடும்பமாக உட்கார்ந்து வாழ்த்து அட்டைகள் செய்து, எங்களுக்கு உதவியவர்களுக்குக் கொடுக்க நினைக்கிறோம். கடையில் பொருள்களை வாங்கிக் குவிக்காமல் செய்ய வழி உண்டா? பள்ளியில் கொடுக்கும் கைவேலையைப் போல, கடைசியில் பெற்றோரே முடித்துக் கொடுக்கும் வேலையாக இது ஆகிவிடக் கூடாது.

பதில் (ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை)

பொங்கலன்று கதிரவனுக்கும் மறுநாள் மாடுகளுக்கும் நன்றி சொல்கிற விழாவுக்கு இது மிகவும் பொருத்தமான வேலைதான், அம்மா. ஆனால் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் ஒரு மாலைப்பொழுதைப் பட்டியலுக்கு ஒதுக்குங்கள். காலையில் வாசலில் பால் பாக்கெட்டைப் போட்டவர் யார், பள்ளிக்கு அழைத்துச் சென்ற ஆட்டோக்காரரின் பெயர் என்ன, மாடிப்படியைப் பெருக்குகிறவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்று பிள்ளைகளையே கேளுங்கள். பல கேள்விகளுக்கு அவர்களுக்கு விடை தெரியாது. நமக்கும் தெரியாது என்பது அப்போதுதான் வெளிப்படும். அந்தப் பெயர்களை அவர்களே நேரில் கேட்டு அறிந்து வரட்டும். என் பார்வையில், அட்டையைவிட இந்த விசாரிப்புதான் முக்கியம்.

எழுதும்போது ‘தங்கள் உதவிக்கு நன்றி’ என்ற பொதுவான வரியைத் தவிர்த்து, நடந்த ஒன்றைச் சொல்லச் செய்யுங்கள். ‘மழை பெய்த அன்று என் புத்தகப்பையை உங்கள் மழைக்கோட்டால் மூடினீர்கள்’ என்று எழுதினால், நன்றி என்ற சொல்லே வராவிட்டாலும் குறையில்லை.

பதில் (கைவினைப் பிரியன், மதுரை)

பொருள்கள் வீட்டிலேயே இருக்கின்றன. பரணில் சேர்ந்து கிடக்கும் பழைய திருமணப் பத்திரிகைகளின் அச்சில்லாத பக்கம் நல்ல தடிமனான அட்டையாகும். முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தொட்டு அழுத்தினால் பூப்போன்ற அச்சு விழும். மஞ்சள்தூளைச் சிறிது நீரில் குழைத்தால் மஞ்சள் வண்ணம். அதில் துளி சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தியில் காண்கிற சிவப்பு வரும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் அதைப் பெரியவர்கள்தாம் கலக்க வேண்டும். சிவப்பு நிறத்தைப் பிள்ளைகள் தூரிகையால் மட்டும் தொடட்டும். மஞ்சள் நிறம் வெயில் பட்டால் வெளுத்துவிடும். மைதாவை நீரில் கரைத்துக் காய்ச்சி எடுத்த பசை ஒட்டுவதற்குப் போதும். கோணலாக ஒட்டியதை நீங்கள் சரிசெய்யாதீர்கள். கேள்வியில் சொன்ன அச்சத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

பதில் (திருச்சி வாசகர்)

ஆசிரியை அவர்கள் சொன்னதில் ஒரு திருத்தம் கூற விரும்புகிறேன். பட்டியலில் பால்காரரும் துப்புரவுத் தொழிலாளரும் மட்டுமே இடம்பெற்றால், நன்றி என்பது நம்மைவிட வசதி குறைந்தவர்களுக்கு நாம் காட்டும் பெருந்தன்மை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். பாட்டி, அண்டை வீட்டார், வகுப்புத் தோழன், ஏன், அக்காவுக்குத் தம்பி என்று எல்லாரும் அதில் இருக்கட்டும். நீங்களும் உங்கள் கணவரும் ஆளுக்கொன்று எழுதுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் பொங்கல் இனாமுக்கு ஈடாக அட்டையைக் கொடுத்துவிட வேண்டாம். வாங்குகிறவரை நிறுத்தி வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் வேண்டாம்.

கோவைத் தாய்

மிக்க நன்றி. மகனுக்கு இன்னும் கோவையாக எழுத வராது. ஊரில் இருக்கும் மாமனாருக்கும் அனுப்ப வேண்டும் என்கிறான், என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை

திருச்சி வாசகர் சொல்வது சரியே. நான் வெளியாட்களையே எண்ணி எழுதிவிட்டேன். மகன் சொல்லச் சொல்ல, அவன் சொற்களை மாற்றாமல் அக்கா எழுதட்டும். அவன் படம் வரைந்து தன் பெயரை மட்டும் எழுதினால் போதும். தாத்தாவுக்கு 50 காசு அஞ்சலட்டையே நல்லது. அஞ்சல் நிலையத்துக்கு அவனையும் அழைத்துச் சென்று, அவன் கையாலேயே பெட்டியில் போடச் செய்யுங்கள். பெரியவருக்குக் கண் மங்கலாக இருக்கக்கூடும் என்பதால் எழுத்துகள் பெரிதாக இருக்கட்டும். பொங்கல் நெரிசலுக்கு முன், மார்கழி பாதியிலேயே அனுப்பிவிடுங்கள்.