அப்பாரு 80 – குடும்பக் குழு

செல்வி அத்தை: சனி ராத்திரி மண்டபத்தில் என்ன படம்? புரொஜெக்டர் தம்பி கேட்கிறான்

பெரியப்பா: காதலிக்க நேரமில்லை. வேறு பேச்சே வேண்டாம்

தருண்: பிளாக் அண்ட் ஒயிட்டா 😩

பெரியப்பா: கலர்டா. 1964லேயே ஈஸ்ட்மென் கலர்

மணி சித்தப்பா: ஆரம்பிச்சாச்சு

பெரியப்பா: ஸ்ரீதர் டைரக்‌ஷன், சித்ராலயா கோபு வசனம். இத்தனை பேர் நடித்தும் ஒருத்தர்கூட வெட்டியாக வந்து போக மாட்டார்கள். வேலை போன ரவிச்சந்திரன் பாலையா வீட்டு முன்னால் கூடாரம் போடுகிறான். அவர் மகளைக் கட்டுவதற்காகக் கோடீஸ்வரன் பையன் என்று புளுகுகிறான். சரி, அப்பாவுக்கு எங்கே போவது? கூட்டாளி முத்துராமனுக்குக் கிழவன் வேஷம். அந்த முத்துராமன் யார்? மூத்த மகள் காஞ்சனாவின் காதலன்! ஒரு பொய் ஆடினால் எல்லார் பொய்யும் ஆடும்

பானு சித்தி: காதல் பாட்டெல்லாம் நீளம் மாமா. அதுக்குள்ள நான் பாத்திரமே கழுவி முடிச்சிடுவேன்

பெரியப்பா: பாட்டைக் குறை சொல்லாதே, விஸ்வநாதன் ராமமூர்த்தி

தருண்: காமெடி எப்ப வரும்

பெரியப்பா: படம் எடுக்கத் துடிக்கிற மகன் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்லுகிற இடம் வரட்டும். சத்தம் எல்லாம் அவன் வாயாலேயே. ஆனால் நீ நாகேஷைப் பார்க்காதே, பாலையா மூஞ்சியைப் பார். பயந்து நடுங்குகிற அந்த மனுசன்தான் நம்மைச் சிரிக்க வைக்கிறார்

மணி சித்தப்பா: 😂😂 நாகேஷ் கம்பெனி, ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்

ராசாத்தி அத்தை: பணக்காரச் சம்பந்தம் என்றதும் பாலையா குழைவாரே, அதைப் பார்த்தால் எனக்கு ஒருத்தர் ஞாபகம்தான் வரும்

பெரியப்பா: யாரைச் சொல்கிறாய்

ராசாத்தி அத்தை: படத்தைத்தான் அண்ணா

செல்வி அத்தை: விசேஷத்துக்கு முன்னால் இது வேண்டாம்

தருண்: அப்பாரு அந்தப் படத்தில் இருக்காராமே?

மணி சித்தப்பா: ஆழியாறு ஷூட்டிங்கை சைக்கிளில் போய்ப் பார்த்தவர். கூட்டத்தில் தலை தெரியுமாம். எந்தக் கூட்டம்னு கேட்டால் மட்டும் தூக்கம் வந்துடும்

பானு சித்தி: வெள்ளிக்கிழமை வேன் எத்தனை மணிக்கு?

செல்வி அத்தை: மண்டபத்தில் பத்தரைக்கு மேல் ஜெனரேட்டருக்குத் தனிக் காசாம்

பெரியப்பா: நான் தருகிறேன்

ராசாத்தி அத்தை: 2019 காதுகுத்துக்கும் இதேதான் சொன்னீர்கள்

மணி சித்தப்பா: எட்டரைக்கே போடலாம். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கட்டும்

செல்வி அத்தை: பந்தியில் யார் பரிமாறுவது? எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு ரசத்தைச் சோற்றில் ஊற்றுவார்களா, மடியில் ஊற்றுவார்களா

பானு சித்தி: வேன்??

தருண்: பேய்க்கதை சீனை மட்டும் யூடியூப்பில் பார்த்தேன். ஓகே, போடலாம்

பெரியப்பா: முழுசாகப் பார்டா. நாகேஷ் தன் படத்துக்குச் சச்சுவைக் கதாநாயகியாக்குகிற கூத்து இருக்கிறது. அப்புறம் இந்தியில் நாகேஷ் வேஷத்தில் மெஹ்மூத் நடித்தார், 1966

மணி சித்தப்பா: அண்ணா, போனை சார்ஜ் போடுங்கள்

செல்வி அத்தை: அப்போ எட்டரையா ஒன்பதா? புரொஜெக்டர் தம்பி லைனில் இருக்கிறான்