ஆபத்தான மந்திர நூல்களை எப்படி அமைப்பது?

கேள்வி:
நான் நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், ஆட்டக்காரர்கள் கதாபாத்திரங்களாக நடிக்கும் கற்பனைக் கதை ஆட்டத்தில், கைவிடப்பட்ட மடாலய நூலகம் ஒன்றில் ஆபத்தான மந்திர நூல்களை வைக்க விரும்புகிறேன். திறந்தவுடன் வெடிக்கும் நூல் வெறும் கண்ணிப்பொறியாகவே முடிந்துவிடுகிறது. ஆபத்தை அறிந்தும் ஆட்டக்காரர்கள் படிக்கத் துணிய வேண்டுமென்றால் என்ன செய்யலாம்?

பதில் 1:
விலையை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். 1981இல் வெளியான கால் ஆஃப் கதுல்ஹு என்னும் திகில் கதை ஆட்டத்தில், தடைசெய்யப்பட்ட நூலைப் படிப்பவருக்கு மந்திரமும் அறிவும் கிடைக்கும். கூடவே, அவருடைய கதாபாத்திரத்தின் மனத்தெளிவைக் காட்டும் புள்ளிகள் குறையும். அத்தியாயத்துக்கு ஒரு பலன், ஓர் இழப்பு என்று பிரித்துவிட்டால், எங்கே நிறுத்துவது என்ற முடிவு அவர்களுடையதாகிவிடும்.

பதில் 2:
உண்மையான நூல்களையும் பாருங்கள். 1874இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ராபர்ட் கெட்ஸி என்னும் வேதியியல் பேராசிரியர், ஆர்சனிக் என்னும் நஞ்சு கொண்ட நிறமி கலந்த சுவர்த்தாள் மாதிரிகளையே நூலாகத் தொகுத்து, 100 படிகளாக்கி நூலகங்களுக்கு அனுப்பினார். அத்தகைய சுவர்த்தாள்களைப் பற்றி மக்களை எச்சரிக்கத் தோன்றிய அந்த நூலே தொடுவோருக்கு ஆபத்தானது. தீய மந்திரவாதி எழுதிய நூலைவிட, நல்லெண்ணத்தில் பிறந்து நஞ்சாகிவிட்ட நூல்தான் என் மனத்தை அதிகம் உலுக்குகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கொள்ளைநோயைத் தடுக்க ஒரு துறவி எழுதிய மருத்துவச் சுவடியையே, நோயைச் சுமக்கும் நூலாக அமைக்கப்போகிறேன்.