9 வயது மகள் வரைந்த இலையில்லாத மரம்: அதைக் கொண்டு அவள் மனநிலையைக் கூற முடியுமா?

கேள்வி
எழுதியவர்: சிப்புட் தாய்

வணக்கம். என் மகளுக்கு 9 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் உறவினர் வீட்டு விருந்துக்குச் சென்றிருந்தபோது, அந்த வீட்டு அம்மா அங்கிருந்த பிள்ளைகள் எல்லாரிடமும் ஆளுக்கோர் ஏ4 தாளைக் கொடுத்து, மரம் ஒன்றை வரையச் சொன்னார். படத்தைக் கொண்டு மனத்தை அறியும் இரண்டு நாள் பயிற்சியை அவர் அண்மையில்தான் முடித்திருக்கிறார். மற்றப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்துச் சிரித்துப் பேசியவர், என் மகளின் படத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு என்னைச் சமையலறைக்கு அழைத்துப் பேசினார்.

மரத்தில் ஓர் இலைகூட இல்லை. ஆகவே பிள்ளையின் மகிழ்ச்சி வற்றிவிட்டது என்றார். அடிமரத்தில் சாய்வாகக் கீறல்கள் இருக்கின்றன, அவை மனக்காயங்களாம். தரைக்கோடும் வேரும் இல்லாததால் அவளுக்குப் பிடிமானம் இல்லையாம். மரம் தாளின் இடது ஓரத்தில் நிற்பதால் அவள் கடந்த காலத்திலேயே தங்கிவிட்டாளாம். இவற்றையெல்லாம் நான் ஓரளவு பொறுத்துக்கொண்டேன். ஆனால் அடிமரத்தின் நடுவே அவள் கறுப்பாக ஒரு வட்டம் போட்டிருந்தாள். அவர் அளவுகோலை எடுத்து அளந்தார். மரத்தின் உயரம் 180 மில்லிமீட்டர், பிள்ளைக்கு வயது 9, ஆகவே ஓர் ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர். வட்டம் அடியிலிருந்து 100 மில்லிமீட்டரில் இருக்கிறது, எனவே அவளுடைய 5 வயதில் பெரிய துன்பம் ஒன்று நடந்திருக்கிறது என்றார். அவளுக்கு 5 வயதாக இருந்தபோதுதான் என் மாமியார் காலமானார். அதே ஆண்டில்தான் நாங்கள் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு இந்தத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தோம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், உறங்குகிறாள். வகுப்பாசிரியரிடமிருந்தும் எந்தக் குறையும் வரவில்லை. கடந்த இரண்டு மூன்று வாரங்களாகச் சற்று அமைதியாக இருக்கிறாள் என்பது மட்டும் உண்மை. சனிக்கிழமை காலையில் தன் தாத்தாவோடு அவருடைய மூன்று ஏக்கர் நிலத்துக்குப் போய்வருவாள். அங்கே அவர் இன்னும் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறார். நான் ஜார்ஜ்டவுனில் வளர்ந்தவள், அந்தக் காட்டுக்குள் ஒருமுறையும் போனதில்லை. இந்தப் படத்தை நான் எவ்வளவு தூரம் நம்ப வேண்டும்? மகளை யாரிடமாவது அழைத்துச் செல்ல வேண்டுமா?

பதில் 1
எழுதியவர்: ஈப்போ ஆலோசகர்

அம்மா, நீங்கள் எழுதியிருப்பதில் உடனே அஞ்ச வேண்டியதாக எதுவும் எனக்குத் தென்படவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் உறவினர் கூறியவை அவராகக் கற்பித்தவை அல்ல. அவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. மரம் வரையச் சொல்லி ஆளை அறிய முயலும் வழக்கத்தைச் சுவிட்சர்லாந்தில் தொழில் வழிகாட்டுநராக இருந்த எமில் யுக்கர் கையாண்டு வந்தார். அதை ஒரு முறையாக வளர்த்து 1949-இல் வெளியிட்டவர் கார்ல் கோக். அவர் தம்மிடம் வந்தவர்களிடம் பழமரம் ஒன்றை வரையுமாறு கேட்டார் என்பதை நினைவில் வையுங்கள். அவர் மனத்தில் இருந்தது அந்நாட்டுத் தோட்டங்களில் நிற்கும் ஆப்பிள் மரமும் பேரி மரமுமே தவிர, பேராக் மாநிலத்துப் பிள்ளை நாள்தோறும் பார்க்கும் மரங்கள் அல்ல. இடப்பக்கம் கடந்த காலம், வலப்பக்கம் எதிர்காலம் என்ற கருத்தும் மரத்திலிருந்து பிறந்ததன்று. கையெழுத்தைக் கொண்டு குணம் கூறுகிறவர்களிடமிருந்து, குறிப்பாக மாக்ஸ் புல்வரிடமிருந்து, அது இங்கே வந்து சேர்ந்தது. இடமிருந்து வலமாக எழுதுகிறவர்களுக்காவது அது ஒருவாறு பொருந்தலாம். வலமிருந்து இடமாகச் செல்லும் ஜாவி எழுத்தை எழுதப் பழகிய பிள்ளைக்கு எதிர்காலம் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று நான் என் ஆசிரியரிடம் கேட்டபோது, அவர் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

வட்டத்தை வைத்து வயதைக் கணிக்கும் கணக்குக்கு விட்கென்ஸ்டைன் குறியீடு என்று பெயர். தத்துவ அறிஞரான விட்கென்ஸ்டைன் அல்லர். அதே குடும்பப்பெயர் கொண்ட ஜெர்மானிய மருத்துவர் ஒருவர். இந்தக் கணக்கில் ஒரு தந்திரம் இருக்கிறது. வட்டம் 60 மில்லிமீட்டரில் இருந்திருந்தால் 3 வயது என்றும், 140-இல் இருந்திருந்தால் 7 வயது என்றும் விடை வந்திருக்கும். எந்த வயதைச் சொன்னாலும் ஒரு தாய்க்கு அந்த ஆண்டில் நேர்ந்த இழப்போ நோயோ இடமாற்றமோ நினைவுக்கு வராமல் போகாது. கணக்கு வெறும் எண்ணைத்தான் தந்தது. துன்பத்தை அதில் வைத்தது உங்கள் நினைவு.

இப்படிப் பொருந்துவதாகத் தோன்றுவது படித்தவர்களுக்கும் நிகழ்கிறது. 1967-இல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் மனித உருவப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் மீதும் சில மனக்குறைகளை வேண்டுமென்றே தொடர்பின்றி எழுதி, இத்துறையில் பழக்கமே இல்லாத கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். படத்துக்கும் குறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபோதும், கண்ணை இயல்புக்கு மாறாக வரைந்தவர் சந்தேகப் பேர்வழி என்பது போன்ற, அனுபவமுள்ள மருத்துவர்கள் கூறிவந்த அதே தொடர்புகளை மாணவர்களும் கண்டுபிடித்தார்கள். எது எதோடு சேரும் என்ற எண்ணம் நம் மனத்தில் முன்பே இருக்கிறது; படத்தில் நாம் காண்பது பெரும்பாலும் அந்த எண்ணத்தைத்தான். அதனால்தான் படத்தின் ஒரு தனிக்கூறை மட்டும் வைத்துக்கொண்டு, இன்னார் இப்படிப்பட்டவர் என்று முடிவு கட்டுவதை இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. தரைக்கோடும் வேரும் இல்லாத மரங்களோ இந்த வயதுப் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம்.

இன்னொன்று. 1948-இல் ஜான் பக் என்பவர் வீடு, மரம், மனிதர் ஆகிய மூன்றையும் வரையச் சொல்லும் சோதனையை வெளியிட்டார். வரைந்து முடிந்ததும் அவர் கேள்விகள் கேட்டார். இது என்ன மரம், இதற்கு என்ன வயது, உயிரோடு இருக்கிறதா, தனியாக நிற்கிறதா கூட்டத்தில் நிற்கிறதா என்பன அவற்றுள் சில. உங்கள் மகளிடம் யாராவது ஒரு கேள்வியேனும் கேட்டார்களா? கேட்காமல் அளவுகோலை எடுத்திருந்தால், அவர் கற்றதாகச் சொல்லும் சோதனையைக்கூட அவர் முழுமையாகச் செய்யவில்லை.

அழைத்துச் செல்வது பற்றி: உறக்கம், உணவு, பள்ளி, நண்பர்கள் ஆகியவற்றில் தெளிவான மாற்றம் சில வாரங்களுக்கு நீடித்தாலோ, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் பேச்சு வந்தாலோ காத்திருக்க வேண்டாம். பள்ளியின் வழிகாட்டல் ஆசிரியரையோ அரசாங்கச் சுகாதார நிலையத்தையோ முதலில் அணுகலாம். தனியாரிடம் செல்வதானால், 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழ் அந்தப் பதிவு ஆகாது.

பதில் 2
எழுதியவர்: நிரை எண் ஏழு

நான் மனவியல் படித்தவன் அல்லன். 22 ஆண்டுகள் பால் வெட்டியவன். ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் மகள் வரைந்திருப்பது பால்மரம், அதாவது ரப்பர் மரம். இப்போது மார்ச் மாதம். நம் வட்டாரத்தில் பால்மரங்கள் பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்த்து நிற்பது வழக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் போகும்போது சாலையோரம் பாருங்கள், மொட்டை மரங்கள் இன்னும் சில இடங்களில் நிற்கும். சாய்வான கீறல்கள் உளி போட்ட வெட்டுகள். கறுப்பு வட்டம், வெட்டுக்குக் கீழே கம்பியில் மாட்டியிருக்கும் மங்கு, பால் பிடிக்கும் கிண்ணம். மங்கில் பால் ஓரத்தில் காய்ந்து கறுத்துப் போயிருக்கும். பிள்ளை அதைத்தான் கறுப்பாகத் தீட்டியிருக்கிறாள். மங்கு எந்த உயரத்தில் இருக்கும் என்பதை வெட்டுப்பட்டைதான் (மரத்தில் வெட்டு போடும் பட்டைப்பகுதி) தீர்மானிக்கும்; யாருடைய ஐந்து வயதும் அல்ல.

இந்தப் பயிற்சிக்காரர் செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தைப் பார்த்தால் என்ன சொல்வாரோ! குலை வெட்டும்போது மட்டையையும் வெட்டுவோம். அடிமட்டைகள் ஆண்டுக்கணக்கில் தண்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தோட்டத்துப் பிள்ளை அதை உள்ளபடி வரைந்தால், கிளையெல்லாம் வெட்டுண்ட வாழ்க்கை என்று எழுதிவிடுவார்.

ஒரு கேள்வி: படத்தில் வெட்டு எந்தப் பக்கம் சரிகிறது?

பதில் 3
எழுதியவர்: ஓய்வுபெற்ற ஆசிரியை

மேலே இருவரும் கூறியவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும், படத்தில் ஒன்றுமே இல்லை என்று முடித்துவிடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

தோட்டப்புறப் பள்ளிகளில் பல ஆண்டுகள் ஓவியப் பாடம் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மரம் வரை என்றால், நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பச்சை மேகம் போன்ற ஒரு கூட்டத்தைப் போட்டு, அதில் சிவப்பு ஆப்பிள்களைத் தொங்கவிடுவார்கள். ஆப்பிள் மரத்தை நேரில் பார்த்த பிள்ளை என் வகுப்பில் ஒன்றுகூட இருந்ததில்லை. அகரவரிசை நூலிலும் அட்டைப் படத்திலும் இருந்து வந்த மரம் அது. அந்தப் படத்தை வைத்துக் குணம் கூறினால், நீங்கள் நூலை அச்சிட்டவரின் குணத்தைத்தான் கூறுவீர்கள். தான் கண்ட மரத்தைக் கண்டபடி வரைகிற பிள்ளை அபூர்வம். உங்கள் மகள் அத்தகையவள்; அதைக் குறையாகக் கருதி அவளிடம் பேசிவிடாதீர்கள்.

நான் கவனித்துவந்தது வேறு. ஒரு பிள்ளையின் ஒரு படம் எனக்கு எதையும் சொன்னதில்லை. அதே பிள்ளையின் 20 படங்கள் சொல்லியிருக்கின்றன. எப்போதும் தாள் நிறைய வரைகிற பையன் ஒருவன் திடீரென்று ஓரத்தில் சிறிதாக வரையத் தொடங்கினான்; தாள் கிழியும் அளவுக்குக் கிரையானை அழுத்தினான். என்ன காரணம் என்று படம் சொல்லவில்லை. ஆனால் அவனருகே அமர்ந்து பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றச் செய்தது அந்த மாற்றம்தான். பேசியபோது, வீட்டில் தந்தை வேலையிழந்திருப்பது தெரிந்தது. வேறொரு சிறுமி அதேபோல் சிறிதாக வரையத் தொடங்கியபோது நான் பதறிப்போய் விசாரித்தேன். வண்ணப் பென்சில் தீர்ந்துபோனதால் சிக்கனமாகத் தீட்டுவதாகச் சொன்னாள்.

ஆகவே, அம்மா, மகளோடு தனியே அமருங்கள். படத்தை நடுவில் வையுங்கள். ஏன் இலை இல்லை என்று கேட்காதீர்கள். "ஏன்" என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். இந்த மரத்தைப் பற்றி எனக்குச் சொல்லு என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருங்கள். கடைசியில் சொன்னதுதான் கடினமானது.

சிப்புட் தாய் எழுதியது

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை படத்தை உறவினரிடமிருந்து திரும்ப வாங்கி வந்தேன். அவர் சற்று வருத்தப்பட்டார், அதை இங்கே விரிவாக எழுத வேண்டியதில்லை.

ஆசிரியை அம்மா சொன்னபடியே கேட்டேன். அது பால்மரம்தான், தாத்தாவின் நிலத்தில் ஓடைப்பக்கத்து நிரையில் முதலாவதாக நிற்கும் மரமாம். வட்டம் மங்குதான். இலை ஏன் இல்லை என்று நான் கேட்காமலேயே, "இப்போ எல்லா மரமும் இலையக் கொட்டிட்டு நிக்குது, அடுத்த மாசம் துளிர்க்கும்" என்று எனக்கே பாடம் நடத்தினாள். இடது ஓரத்தில் வரைந்ததற்குக் காரணம், வலப்பக்கத்தில் தாத்தாவை வரைய இடம் விட்டிருந்தாளாம். அதற்குள் சாப்பிட அழைத்துவிட்டார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வெகுநேரம் கழித்து அவள் இன்னொன்றும் சொன்னாள். மரங்கள் வயதாகிப் பால் குறைந்துவிட்டதால், தீபாவளிக்குப் பிறகு எல்லாவற்றையும் வெட்டிவிட்டுச் செம்பனை போடப் போவதாகத் தாத்தா சொன்னாராம். பிப்ரவரியில் சொல்லியிருக்கிறார். மரம் இல்லையென்றால் சனிக்கிழமை தாத்தா தன்னை எங்கே அழைத்துப் போவார் என்று கேட்டாள். அவள் அமைதியாக இருந்த வாரங்களின் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். என் மாமியாரைப் பற்றியோ பழைய வீட்டைப் பற்றியோ ஒரு சொல்லும் வரவில்லை. மாமனாரிடம் கூறினேன், ஓடைப்பக்கத்து மரத்தை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நிரை எண் ஏழு ஐயா, வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிகிறது. அது ஏன் முக்கியம்?

நிரை எண் ஏழு எழுதியது

மரத்துக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக மேலே போவதில்லை; சற்றே திருகிப் போகும். இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடுதலாக இறங்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கே இதைப் பலமுறை சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் மகள் சரியாகப் பார்த்து வரைந்திருக்கிறாள். தாத்தாவையும் வரைந்து முடித்துவிட்டால், அவர் எந்தக் கையில் உளி பிடித்திருக்கிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.