ஈசிஎம்டபிள்யூஎஃப் மழைத் தரவு: 8:30 மணிக் கணக்கோடு பொருத்துவது எப்படி?

வடகிழக்குக்காற்று:
ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையமான ஈசிஎம்டபிள்யூஎஃப்-இன் இலவச 0.25 டிகிரி கட்டத் தரவை இறக்கி வங்கக்கடலுக்கு வரைபடம் போடுகிறேன். மழை 0.08, 0.11 என்று நாளுக்கு நாள் ஏறுகிறதே தவிர இறங்கவே இல்லை. இதை வானிலைத் துறையின் தினசரி மழையோடு எப்படி ஒப்பிடுவது? இன்னொன்று, இங்கிலாந்தில் இருக்கும் மையத்துக்கு நம்ம கடல் எப்படித் தெரிகிறது?

மழைமானி:
அந்த எண் மீட்டரில் இருக்கிறது. 1000-ஆல் பெருக்கினால் மி.மீ. அதுவும் கணினிக் கணிப்பின் ஓட்டம் தொடங்கியதிலிருந்து சேர்ந்த மொத்த மழை, அதனால்தான் இறங்குவதில்லை. நமக்கு மழை நாள் காலை 8:30 முதல் மறுநாள் 8:30 வரை. 00 யுடிசி (உலகப் பொது நேரம் 0 மணி) ஓட்டம் நம் நேரப்படி காலை 5:30-க்குத் தொடங்குகிறது, ஆக 27-வது மணி மதிப்பிலிருந்து 3-வது மணி மதிப்பைக் கழியுங்கள். அடுத்தது 51-லிருந்து 27. இப்படி 123 வரை ஐந்து நாள் சுத்தமாக வரும். 144-வது மணிக்கு மேல் கோப்புகள் 6 மணிக்கு ஒன்றுதான், 147 கிடையாது. ஆறாம் நாளிலிருந்து 8:30 கணக்கு தோராயம்தான், வரைபடத்தில் அதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

அமெரிக்கக் கணிப்பான ஜிஎஃப்எஸ்ஸுக்கு இதே நிரலை ஓட்டாதீர்கள். அங்கே அலகு ஏற்கெனவே மி.மீ.; 6 மணிக்கு ஒருமுறை பூஜ்யத்திலிருந்து எண்ணும் மழையும், மொத்த மழையும் ஒரே கோப்பில் ஒரே பெயரில் இருக்கும். கால வரம்பைப் பார்த்து எடுக்காவிட்டால் கழித்தலில் எதிர்மறை மழை வரும்!

பலூன்காரன்:
கடல் தெரிவது எல்லா நாடும் கொடுப்பதால்தான். மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் விடும் வானிலை பலூனின் அளவீடு டெல்லி வழியாக உலக வலையமைப்புக்குப் போகிறது. கடல்மேல் பெரும்பாலும் செயற்கைக்கோள்தான். உலக வானிலை அமைப்பின் அடிப்படைக் கண்காணிப்பு விதி, நிலத்தில் 500 கி.மீ.க்கு ஒரு பலூன் நிலையம், நாளுக்கு இருமுறை என்கிறது. பல ஏழை நாடுகளுக்கு அதற்கே வசதி இல்லை. ஏழாம் நாள் கணிப்புக்கு இன்று தொலைவில் இருக்கும் காற்றும் தேவை, அந்த ஓட்டை நம் கணிப்பிலும் தெரியும்.

வடகிழக்குக்காற்று:
நன்றி, கழித்தல் சரியாக வருகிறது. ஏழாம் நாளுக்கு, தொடக்கத்தைச் சற்றே மாற்றி அந்த மையம் ஓட்டும் 51 கணிப்புகளின் சராசரியைப் போடலாமா?

மழைமானி:
வேண்டாம். பாதி கணிப்புகள் காற்றழுத்தத் தாழ்வை நாகைக்கும் மீதி நெல்லூருக்கும் கொண்டுபோனால், சராசரி சென்னைக்கு நேரே ஒரு சோகையான தாழ்வைக் காட்டும். 51-இல் எத்தனை கனமழை அளவான 65 மி.மீ.யைத் தாண்டுகின்றன என்று எண்ணிப் போடுங்கள்.