வார லீவு முடிஞ்ச மறுநாள் மட்டும் நெஞ்சு இறுக்கம்: பஞ்சு மில்லுல இருந்தவங்க சொல்லுங்க

கார்டிங்காரி:
பல்லடம் பக்கம் 12 வருசம் கார்டிங்ல, பஞ்சைச் சீவற மெஷின்ல, இருந்தேங்க. மில் பேரு வேண்டாம். எனக்குச் செவ்வாய் லீவு. புதன்கிழமை ஷிப்ட் ஏறி ரெண்டு மூணு மணி நேரத்துல நெஞ்சைக் கயித்தால கட்டின மாதிரி இறுகும். வியாழன் கொஞ்சம் தேவலை, வெள்ளிக்கு ஒண்ணும் தெரியாது. லீவுல படுத்த சோம்பல்னு நானே நெனச்சுக்கிட்டேன். ஒரு புதன் பஞ்சுத்திரி கேன் தள்ளிட்டுப் போறப்ப பாதியில நின்னுட்டேன். விளிம்பைப் புடிச்சுட்டு நிக்கறேன், கூப்பிடக்கூட வாயி வரல. மறுநாள் லீவு லெட்டர்ல மூச்சுத்திணறல்னு எழுதினேன். சூப்பர்வைசர் அதை அடிச்சுட்டு காய்ச்சல்னு எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுதான் இன்னும் உறுத்துது.

பழைய புளோரூம்:
கார்டிங்காவது பரவால்ல அக்கா. நான் புளோரூம்ல பேல், அதான் பஞ்சுப் பொதி, பட்டையை வெட்டிப் பஞ்சைப் பிரிச்சுப் போட்டவன். ஷிப்ட் முடிஞ்சா ஒருத்தர் மேல ஒருத்தர் கம்ப்ரசர் ஹோஸ்ல ஏர் அடிச்சுக்குவோம். புருவத்துல வெள்ளையா ஒட்டினது பறக்கும், அங்கயே நின்னு அதையே இழுப்போம். வெல்லம் தின்னா உள்ள போன பஞ்சு எறங்கிடும்னு சொன்னாங்க. 20 வருசம் நம்பித் தின்னேன்.

திண்டுக்கல் மச்சான்:
வெல்லத்தைக் குறை சொல்லாதீங்க. எங்களுக்குத் தொண்டைக் கரகரப்பு அதுலதான் நின்னுது.

பழைய புளோரூம்:
தொண்டைக்குச் சரிங்க. சாப்பாடு போற குழாய் வேற, மூச்சு போற குழாய் வேற. என் நெஞ்சுக்கு அது ஒண்ணும் பண்ணல.

தங்கச்சிக்காக:
நான் மில் ஆள் இல்ல. தங்கச்சி ஸ்பின்னிங்ல இருந்தா. "ஆஸ்துமா"ன்னு ரெண்டு வருசம் மாத்திரை தின்னா, என்ன வேலைன்னு எந்த டாக்டரும் கேக்கல. அக்கா சொன்ன கிழமைக் கணக்குதான் அடையாளம். பேரு பிசினோசிஸ். ஞாயிறு லீவு விட்ட ஊர்ல திங்கள்கிழமைக் காய்ச்சல்னாங்க, உங்களுக்கு அது புதன். பஞ்சோட வர்ற இலைத்தூள், பாக்டீரியாவோட நஞ்சு எல்லாம் சேர்ந்து மூச்சுக்குழாயைச் சுருக்குது. எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டா நம்பி வந்துடாதீங்க. ஊதற டெஸ்ட், ஸ்பைரோமெட்ரி, கேளுங்க. லீவு முடிஞ்ச அன்னிக்கு ஷிப்டுக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சதும் ஒரு தடவை. முதல் ஒரு செகண்ட்ல வெளிய வர்ற காத்து எவ்வளவு குறையுதுன்னு அதுல தெரியும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட மூணாவது அட்டவணையிலயே இந்த நோய் இருந்துச்சு. 2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு, பாக்கற டாக்டர் தலைமை ஆய்வாளர் ஆபீசுக்கு எழுதணும். இஎஸ்ஐ விதியிலயும் தொழில் நோய்தான், வேலையில அடிபட்ட மாதிரியே கணக்கு. ஆரம்பத்துலயே தூசியை விட்டு வெலகினா பெரும்பாலும் சரியாகும், வருசக்கணக்கா இழுத்தா நுரையீரல் பழைய நெலமைக்கு வராது. பீடி குடிக்கறவங்க இன்னும் சீக்கிரம் கெடுவாங்க. ஏர் அடிக்கறதை நிறுத்தச் சொல்லுங்க, மெஷினுக்குத் தூசியை உறிஞ்சற வேக்குவம் போடச் சொல்லிக் கேளுங்க. கைக்குட்டை கட்டறது போதாது, என்95 வேணும்.

கார்டிங்காரி:
தம்பி, நான் வேலைய விட்டு 4 வருசம் ஆச்சு. கையில இருக்கற மூணு லீவு லெட்டர் நகல்லயும் காய்ச்சல்னுதான் இருக்கு. அதே கார்டிங்ல இப்ப என் நாத்தனார் மக நிக்கறா. இதை அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். அவளுக்கும் செவ்வாய்தான் லீவு. வர்ற புதன் ஷிப்டுக்கு முன்னாடி ஊதிப் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்.